மின்கட்டண உத்தரவைப் படித்திருக்கிறீர்களா?

கேள்வி: புனேயில் எம்.எஸ்சி. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விருப்பப் பாடம் எரிசக்திப் பொருளாதாரம். "அதைப் படிச்சு என்ன வேலை? பேசாம பேங்க் பரீட்சை எழுது" என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?
– வாசகி, கோத்ரூட், புனே

பதில்: அப்பாவுக்கு என்ரான் விவகாரம் நினைவிருக்கும். 1990களில் அந்த அமெரிக்க நிறுவனத்தின் தாபோல் மின்நிலையத்துக்காக மகாராஷ்டிர மின்வாரியம் போட்ட கொள்முதல் ஒப்பந்தத்தில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். விலையின் பெரும்பகுதி டாலரோடு பிணைந்திருந்தது. இதைக் கணக்குப் போட்டு, வாரியத்துக்குக் கட்டுப்படியாகாது என்று சொன்னவர்களில் உங்கள் ஊர் 'பிரயாஸ்' குழுவினரும் உண்டு. 2001-ல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது, நிலையமும் நின்றது. அன்று அவர்கள் செய்ததுதான் இன்று சம்பளத்துக்குச் செய்யும் வேலை.

காரணம், மின்கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. எவ்வளவு மின்சாரம், யாரிடம், என்ன விலைக்கு வாங்கினோம் என்று மாநில மின் விநியோக நிறுவனமான மகாவிதரண் அங்கே கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஆலைக்காரர்கள் எதிர்வாதம் செய்வார்கள். இரு தரப்புக்கும் ஆள் வேண்டும்; ஆலோசனை நிறுவனங்கள் பிழைப்பதே இதில்தான்.

இன்னொரு வாசல் மின்சந்தை. 2008 முதல் நடக்கிறது. ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, 96 ஆகப் பிரித்து ஏலம் விடுவார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது சோலார் கொட்டுவதால் விலை சரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் சில நாள் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பையே முட்டும். அந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவருக்கு வியாபார நிறுவனங்களில் நல்ல மவுசு. நம்மூர் முப்பந்தல் காற்றாலைகளுக்கும் நாளைய உற்பத்தியை இன்றே கணித்துச் சொல்ல ஆள் தேவைப்படுகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன்: இந்த வேலைகளுக்குப் பொறியியல் படித்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மெகாவாட்டுக்கும் யூனிட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நேர்காணலுக்குப் போனால் கதை அங்கேயே முடிந்தது. மகாராஷ்டிர ஆணையத்தின் கடைசிக் கட்டண உத்தரவை இறக்கி, மின் கொள்முதல் அத்தியாயத்தை மட்டும் எக்செலில் நீங்களே போட்டுப் பாருங்கள். எந்தச் சான்றிதழ் வகுப்பும் இதற்கு ஈடாகாது. பொது விசாரணை நடந்தால் போய் உட்காருங்கள். நுகர்வோர் யாரும் பேசலாம்.

பேங்க் பரீட்சையும் எழுதுங்களேன், என்ன கெட்டுப்போகிறது? சோலார், காற்றாலைத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்குமுன் வங்கி புரட்டிப் பார்ப்பதும் அதே கொள்முதல் ஒப்பந்தத்தைத்தான்.