"கணக்கு ஓடாத பிள்ளை" என்று சொல்லாதேங்கோ

தங்கச்சிமாரே, ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதை காதில் விழும். "மூத்தவன் கணக்கில் புலி. சின்னவளுக்குக் கணக்கு ஓடாது, அவள் என்னைப்போல." அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா. பக்கத்தில் கேக் தின்றுகொண்டு நிற்கிற சின்னவள் அதை அப்படியே நம்பிவிடுவாள். முதலில் இந்தப் பேச்சை நிற்பாட்டுங்கோ.

ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற மாகாணக் கணிதப் பரீட்சையில் ஏறக்குறையப் பாதிப்பேர் எதிர்பார்க்கிற மட்டத்தை எட்டுவதில்லை. பாதிப்பேருக்கும் மூளை குறைவா? சொல்லிக் கொடுக்கிற விதத்தில்தான் எங்கேயோ பிசகு.

இதைப் பிடித்துக்கொண்டவர் எங்கள் ரொறன்ரோவிலேயே இருக்கிறார், ஜோன் மைற்றன். நாடக எழுத்தாளர், கனடாவின் ஆளுநர் நாயகம் விருதை இரண்டு தரம் வாங்கியவர். பல்கலைக்கழக முதல் வருடத்தில் கல்குலஸில் மயிரிழையில் தப்பியவர். பிழைப்புக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கப் போய், சொல்லிக் கொடுக்கக் கொடுக்கத் தனக்கே விளங்கத் தொடங்கி, பிறகு திரும்பப் படித்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தார். 1998 இல் தன் வீட்டில், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய 'ஜம்ப் மத்' என்கிற கணிதம் கற்பிக்கிற திட்டம். 1997 இல் வந்த 'குட் வில் ஹண்டிங்' படத்தில் கணிதப் பேராசிரியரின் உதவியாளராக வருகிறவரும் இவரே. பிறவி மேதைக் கதையை நம்பாத மனிசனுக்குப் பிறவி மேதையைப் பற்றிய படத்தில் வேஷம்!

அவருடைய வழியை நான் ஒரே வரியில் சொல்லுவேன்: பிள்ளை ஏற முடியாமல் நின்றால் படி உயரம் கூடிப்போச்சு, அதைப் பாதியாக வெட்டுங்கோ.

பின்னக் கணக்கை எடுங்கோ. 1/3 + 1/6. நாங்கள் என்ன செய்வோம்? பொதுமடங்கைக் கண்டுபிடி, பெருக்கு, கூட்டு, சுருக்கு என்று ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லிவிட்டு, பிள்ளை முழிக்கக் கத்துவோம். அதை விட்டுவிட்டு, பகுதி ஒன்றாக இருக்கிற பின்னங்களில் தொடங்குங்கோ. 1/7 + 2/7. கீழே இருக்கிற 7, எத்தனை சமதுண்டாக வெட்டினோம் என்பதைச் சொல்லுகிறது, அது மாறாது. மேலே இருக்கிறதை மட்டும் கூட்டு. 3/7. இப்படி ஐந்தாறு கணக்குச் செய்ததும் 134/567 + 201/567 என்று ஒன்றைப் போடுங்கோ. பிள்ளை கண்ணை விரிக்கும், பிறகு 335/567 என்று எழுதிவிட்டு "இன்னும் பெரிசாத் தாங்கோ" என்று கேட்கும். அதில் புதிதாக ஒன்றுமே இல்லை, இலக்கம்தான் பெரிது. ஆனால் அந்தப் பெருமிதம் அடுத்த படிக்குத் தேவை. மைற்றன் இதைப் 'போனஸ்' கணக்கு என்கிறார்.

இனி 1/3 + 1/6. ஒரு தாளை மூன்றாக மடித்து ஒரு பங்குக்கு நிறம் தீட்டச் சொல்லுங்கோ. அதையே குறுக்காக ஒருதரம் பாதியாக மடித்து விரித்தால் ஆறு துண்டு, அதில் இரண்டு நிறத்தோடு இருக்கும். 1/3 தான் 2/6 என்று பிள்ளை கண்ணாலேயே கண்டுவிடும். பிறகு விரலில் மூன்று மூன்றாக எண்ணி ஆறில் நிற்கட்டும். இரண்டு விரல், ஆகவே மேலேயும் கீழேயும் இரண்டால் பெருக்கு. மிச்சம் பழைய கணக்கு: 2/6 + 1/6 = 3/6. அது பாதி என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதேங்கோ. நாளைக்குத் தாளைப் பார்த்து அவளே சொல்லட்டும்.

"விளங்குதா?" என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை, எல்லாப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கணக்கைச் செய்யவிட்டுப் பாருங்கோ.

வாய்பாடு பழைய பஞ்சாங்கம் என்று நினைக்காதேங்கோ. 2020 இல் வந்த ஒன்ராறியோ பாடத்திட்டமே ஐந்தாம் வகுப்பில் 12×12 வரை நினைவில் இருக்கவேண்டும் என்கிறது. 7×8 க்கே நிமிடக்கணக்கில் யோசிக்கிற பிள்ளைக்குப் பின்னத்தை யோசிக்க இடம் எங்கே? ஆனால் வகுப்பில் 23×14 ஐப் பெட்டி போட்டு 200, 80, 30, 12 என்று பிரித்து 322 எடுக்கிறார்கள் என்றால், "இதென்ன கூத்து" என்று அழித்து எங்கடை முறையை எழுதாதேங்கோ. பிள்ளை உங்களுக்குச் சொல்லித் தரட்டும். சொல்லித் தருகிறவருக்குத்தான் கூடுதலாக விளங்கும், மைற்றனுக்கு நடந்ததும் அதுதானே.

ரியூசன் காசைப் பற்றியும் ஒன்று. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புப் பெருக்கலில் ஓட்டை இருக்கும். நாங்கள் எட்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டிப் படிக்க அனுப்புவோம். காசுக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. கீழே போய் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கோ.

எல்லாப் பிள்ளையும் இராமானுஜன் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடக் கணக்கைத்தான் சொல்லுகிறேன். முந்தி ஒன்பதாம் வகுப்பிலேயே அகடெமிக், அப்ளைட் என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கணிதத்தில் அந்தப் பிரிப்பு 2021 செப்டெம்பரோடு போய்விட்டது. வீட்டில் நாங்கள் பிரிக்காமல் விட்டால் போதும்.

அடுத்த தரம் ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போது புள்ளியைக் கேளாதேங்கோ. "எந்தப் படியில் நிற்கிறாள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கோ. அன்று இரவே அந்தப் படியில் தொடங்குங்கோ.