பூ உதிர்ந்த பின் தொடங்கும் பராமரிப்பு

கோடையின் தொடக்கத்தில் நர்சரிகளில் மொட்டுடன் விற்கப்படும் அமரில்லிஸ் தொட்டியை விரும்பி வாங்குவோர் பலர். ஒரு வாரம் வீடே அதைப் பார்த்து மகிழும். அடுத்த ஆண்டு அதே தொட்டியில் இலைகள் மட்டும் நீண்டு நிற்கும், பூ வராது. மூன்றாம் ஆண்டில் அந்தத் தொட்டியில் வேறு செடி இருக்கும். குற்றம் செடியிடம் இல்லை. விற்றவரிடமும் பெரும்பாலும் இல்லை. குமிழத்திலிருந்து வளரும் செடிகளின் ஆண்டுக் கணக்கு, செம்பருத்தி, மல்லிகை ஆகியவற்றின் கணக்கிலிருந்து வேறுபட்டது.

குமிழம் என்பது என்ன என்று அறிய ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் போதும். அடியில் தட்டுப் போல் இருப்பதே தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருப்பவை உணவைச் சேமித்துத் தடித்த இலையடிகள். அமரில்லிஸ் குமிழமும் அவ்வாறே அமைந்தது. அதில் நான்கு இலைகளுக்கு ஒரு பூந்தண்டு என்ற முறையில் மொட்டுகள் உள்ளேயே உருவாகின்றன. இந்தச் சித்திரையில் விரியும் பூவின் மொட்டு, குமிழத்தின் உள்ளே ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. ஆகவே, பூத்த பிறகு இலைகள் எவ்வளவு உணவைத் தயாரித்துக் கீழே அனுப்புகின்றன என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டின் பூ அமையும். வங்கியில் பணிபுரிபவனுக்கு இங்கு வைப்புத்தொகை நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்த ஒப்புமை பாதி வழிதான் வரும். வைப்புத்தொகை நாம் கவனிக்காவிட்டாலும் வளரும், குமிழம் வளராது.

நாம் அமரில்லிஸ் என்று அழைக்கும் செடியின் தாவரவியல் பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உண்மையான அமரில்லிஸ் தென்னாப்பிரிக்கச் செடி. இதன் முதல் கலப்பினத்தை 1799இல் உருவாக்கியவர் தாவரவியலாளர் அல்லர். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் வாழ்ந்த ஆர்தர் ஜான்சன் என்னும் கடிகாரத் தொழிலாளி. வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இது ஊக்கம் தரும் செய்தி.

நடும்போது குமிழத்தின் கழுத்தும் தோளும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்தில் நீர் தங்கி அழுகும். தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. குமிழத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். பூக்கள் வாடியதும் பூந்தண்டை மட்டும் அடியில் நறுக்கிவிடலாம். விதை பிடிக்க விட்டால் சேமிப்பு அதற்கே செலவாகும். இலைகளை ஒருபோதும் வெட்டக் கூடாது; நீளமாகச் சாய்ந்து அழகின்றித் தோன்றும் என்பதற்காக முடிந்து வைக்கவும் கூடாது. பூ முடிந்ததும் தொட்டியை நிழலான மூலைக்குத் தள்ளிவிடுவதே பெரும்பாலான வீடுகளில் நிகழ்கிறது. அந்த நேரத்தில்தான் அதற்கு நாள்தோறும் நான்கைந்து மணி நேர வெயிலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறிது உரமும் தேவை. தழைச்சத்து மிகுந்த உரம் இலையை மட்டும் வளர்க்கும். எலும்புத் தூளும் சாம்பல் சத்தும் நல்லவை.

அடுத்தது ஓய்வு. ஆண்டில் இரண்டு மாதமேனும் நீர் ஊற்றுவதை நிறுத்தி, மண்ணை உலர விட வேண்டும். இலைகள் தாமே பழுத்துக் காய்ந்தால் அகற்றலாம். பச்சையாகவே நின்றால் அப்படியே விட்டுவிடலாம். தோட்டக்கலை நூல்கள் பல இதற்கு நவம்பர் முதல் ஜனவரி வரை என்று குறிப்பிடுகின்றன. தில்லிக்கும் நாக்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் அது பொருந்தும். அங்கே குளிர்காலம் வறண்டது. சென்னையிலோ கடலூரிலோ நவம்பர் வடகிழக்குப் பருவமழையின் மாதம். ஓய்வெடுக்கும் குமிழம் மழையில் நனைந்தால் அழுகும். அங்குள்ளோர் மழை தணியும் வரை காத்திருந்து, டிசம்பர் இறுதியில் தொட்டியைக் கூரையின் கீழ் வைத்து, பிப்ரவரி இறுதி வரை ஓய்வு கொடுப்பது நலம். பின்னர் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, முளை தலைகாட்டும் வரை அளவோடு நீர் விட வேண்டும்.

நிலச்சம்பங்கியின் கணக்கு வேறு. வடநாட்டில் ரஜனிகந்தா என்று அழைக்கப்படும் இதன் தாயகம் மெக்சிகோ. 1974இல் வந்த ஓர் இந்தித் திரைப்படம் இப்பெயரையே தாங்கியது. மேற்கு வங்கத்தின் ராணாகாட், பான்ஸ்குரா பகுதிகளில் இது வயல் வயலாகப் பயிராகிறது. ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை. அதைச் சுற்றித் தோன்றும் பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூக்கும். எனவே தாய்க் கிழங்கைப் பார்த்து ஏமாறுவதில் பொருளில்லை. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்து, ஏறத்தாழ ஓர் அங்குல ஆழத்தில், முழு வெயிலில் நட்டால் மூன்று மாத அளவில் பூந்தண்டு எழும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் சிருங்கார், பிரஜ்வல் ஆகியவை ஒற்றையடுக்கு. சுவாசினி, வைபவ் ஆகியவை பல அடுக்கு. பூச்சாடிக்குப் பல அடுக்கே எடுப்பானது. மாலை நேரத்து மணத்துக்காக வளர்ப்பவர்க்கு ஒற்றையடுக்கையே நான் பரிந்துரைப்பேன்.

முதன்முறையாகக் குமிழச் செடி வளர்ப்பவர்க்கு ரெயின் லில்லியைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நாலணா அகலத் தொட்டியிலும் வளரும் என்று முன்னோர் சொல்லும் அளவுக்கு எளியது. மண் சில வாரம் காய்ந்து கிடந்து, பின் நல்ல மழை பெய்தால், சில நாட்களில் தொட்டி நிறையப் பூக்கும். மழை இல்லாத காலத்தில் இருவாரம் காயவிட்டுப் பின் நிறைய நீர் ஊற்றிப் பார்க்கலாம், ஓரளவு பூக்கும். துலிப்பைச் சமவெளியில் முயல்வது வீண். அதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். ஸ்ரீநகரில் 2007இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டத்தை அங்கே சென்று காண்பதே முறை.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளையும் சிலர் மாடியில் ஏற்றி வளர்க்கின்றனர். இது குமிழம் அன்று, கலப்பை வடிவக் கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்தது. கிழங்கைப் படுக்கை வாட்டில் நட வேண்டும். முளை நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருள்வதால் கொழுகொம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். இதன் எல்லாப் பகுதிகளிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. மூட்டு நோய் மருந்துக்குப் பயன்படும் அப்பொருளுக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் இது விதைக்காகப் பயிராகிறது. கிழங்கைச் சிறிதளவு உண்டாலும் உயிருக்கு ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மண் கலவையில் பெரிய நுட்பம் இல்லை. தோட்டமண், ஆற்றுமணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். தொட்டியின் அடித்துளை அடைபடாதிருப்பதே முதன்மை. கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் கொண்ட புழுக்கள் மழைக்காலத்தில் லில்லி இலைகளைக் கூட்டமாகத் தின்னும். இலைகளை ஒரே வாரத்தில் இழந்தால் ஓராண்டுச் சேமிப்பே போய்விடும். காலையில் கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுவது எந்த மருந்தையும்விட விரைவானது.

மாற்றல் உத்தரவோடு ஊர் ஊராகச் செல்லும் எங்களைப் போன்றோர்க்கு இச்செடிகள் ஏற்றவை. ரோஜாத் தொட்டியை ரயிலில் கொண்டு செல்ல இயலாது; ஓய்வில் இருக்கும் குமிழங்களை ஒரு துணிப்பையில் எடுத்துச் செல்லலாம். மண்ணை உதறி, வேரை ஒடிக்காமல், நிழலில் சில நாள் உலர்த்தி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பெயர் எழுதிவைக்க வேண்டும். நெகிழிப் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். பெயர் எழுதுவது வண்ணம் அறிவதற்காக மட்டும் அன்று. அமரில்லிஸ், ரெயின் லில்லிக் குமிழங்கள் வெங்காயத்தைப் போலவே தோன்றும். உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சுற்றிய பொட்டலங்களைச் சமையலறைக் கூடையின் அருகே வைக்காமல், காற்றோட்டமுள்ள வேறோர் இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்.