சாடியில் வாழும் கடற்சாமந்தி

கடல் நீர் பின்வாங்கிய வேளையிற் பாறைக் குழிகளுள் தேங்கி நிற்கும் நீரை உற்று நோக்குவோர், இதழ் விரிந்த மலர் போன்றதொன்று பாறையோடு ஒட்டி நிற்பதைக் காண்பர். விரலால் தீண்டினால் அஃது இதழ்களையெல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு ஒரு சதைக் குமிழாய் ஒடுங்கிவிடும். கடற்சாமந்தி என்று பெயர் பெற்ற இது மலருமன்று, செடியுமன்று, ஊனுண்ணும் பிராணி. பவளத்தை உண்டாக்கும் உயிருக்கும், கடற்கரையார் சொறி என்றழைக்கும் இழுதுமீனுக்கும் நெருங்கிய உறவினது. ஆங்கிலேயரும் இதனை அனிமோனி என்னும் ஒரு பூவின் பெயராலேயே வழங்குகின்றனர். இதனைச் சிறியதொரு கண்ணாடிச் சாடியில், சில லிட்டர் உப்பு நீரில், பல்லாண்டு வளர்த்தல் கூடுமோ என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்த பொருள்.

கூடும் என்பதற்கு ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரத்தில் வாழ்ந்த ஒரு கிழவியே சான்று. அக்கிழவி மானிடப் பெண்ணல்லள். ஸர் ஜான் டாலியல் என்பார் 1828-ஆம் ஆண்டில் நார்த் பெரிக் என்னுங் கடற்கரையிலிருந்து தம் இல்லத்துக்குக் கொணர்ந்த ஒரு கடற்சாமந்தியே அது. அப்பொழுதே அதற்கு ஏழு வயதேனும் ஆகியிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். டாலியல் சட்டங் கற்றவர், பழஞ்சுவடிகளை ஆராய்ந்தவர், ஆயினும் அவர் பெயரைப் பலரும் இன்று நினைப்பது இச்சாடியை முன்னிட்டே. 1851-ல் அவர் காலமானார். சாடி, ஜான் பிளெமிங் என்னும் பேராசிரியர் கைக்குச் சென்றது. அவரும் 1857-ல் மறைந்தார். டாக்டர் மக்பெயின் அதனைப் பெற்றார். அவருக்குப் பின்னர் அந்நகரத்து அரச தாவரத் தோட்டத்தார் அதனை ஏற்றனர். பாட்டி என்று யாவரும் செல்லமாய் அழைத்த அச்சாமந்தி, தன்னைப் பேணியவரை ஒருவர் பின் ஒருவராய் இழந்து, 1887-ஆம் ஆண்டில் உயிர் நீத்தது. கடலை விட்டுப் பிரிந்தபின் அது வாழ்ந்தது 59 ஆண்டு. அவ்வளவு காலமும் மக்கட்பேறற்று வாடியதென்றும் எண்ணவேண்டா: பல்லாண்டு மலடு போலிருந்தபின், 1857-ல் ஓரிரவிலேயே இருநூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளை வாய்வழியே ஈன்றது. இப்பிராணிக்கு வாயன்றி வேறு வாயிலில்லை.

ஆரன் தீவிலிருந்து 1862-ஆம் ஆண்டுக்கு முன்னரே எடுக்கப்பட்ட வேறு சில சாமந்திகளும் 1904-ல் உயிருடன் இருந்தன. அவற்றை ஆராய்ந்து எழுதிய இருவருள் ஒருவர் நெல்சன் அன்னண்டேல். அவ்வாண்டிலேயே இந்தியாவுக்கு வந்து கல்கத்தா நூதனசாலையில் அமர்ந்து, 1916-ல் நம் நாட்டு விலங்கியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவரானவர் அவரே. கடற்சாமந்திக்கு மூப்பென்பது உண்டோ என்று இன்றும் அறிஞர் ஐயுறுகின்றனர். ஆண்டு செல்லச் செல்ல உடல் தளர்வதற்குரிய அடையாளம் அதனிடத்துத் தெளிவாய்க் காணப்படவில்லை. ஆதலின் சாடியில் அஃது இறக்குமாயின், நீரையோ வளர்ப்பவரையோ நோகவேண்டுமேயன்றி அதன் வயதை நோவதற்கு இடமில்லை. இதனை முதலிலேயே மனத்துட்கொள்ளுதல் நலம்.

இனி, பாட்டியின் சாடியில் என்ன இருந்தது? காற்றுப்பொறி இல்லை, வடிகட்டி இல்லை, மின்விளக்கும் இல்லை. கடல் நீரும் ஓர் உயிருமே இருந்தன. டாலியல் கடல் நீரைச் சுமந்து கொணர்வதற்கென்று ஆள் வைத்திருந்தார். பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் வார்ப்பதே அவர் கண்ட மருந்து. அதன் காரணத்தை இன்று நாம் விளங்கக் கூறலாம். உண்ட ஊனின் கழிவு நீரில் அம்மோனியா என்னும் நஞ்சாய்க் கலக்கிறது. பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்களுள் ஒரு கூட்டம் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய அறிஞர் 1890-ல் பிரித்துக் காட்டினார். பாட்டி இறந்து மூன்றாண்டு சென்றபின்! காரணம் அறியப்படுமுன்னரே காரியம் செவ்வையாய் நடந்து வந்தது. புதிதாய் அமைத்த சாடியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் பிராணியை இட்டு, அது வாடுகின்றதே என்று வருந்துவோர் பலர். முதலிற் கடல் நீரும், கடலிற் கிடந்த சிறு கல்லொன்றும் மட்டும் இட்டு ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்திருத்தல் வேண்டும். வெறுஞ்சாடியை நோக்கிக்கொண்டு ஒரு மாதமோ என்று கேட்பவர் இத்தொழிலை விட்டுவிடுதலே தக்கது.

சாடி எவ்வளவு சிறிதோ, அவ்வளவு அதனைப் பேணுதல் எளிது என்று எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். திறந்த கடலில் ஒரு கிலோகிராம் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு; நம் கணக்குக்கு லிட்டருக்கு 35 கிராம் என்றே கொள்வோம். பத்து லிட்டர் தொட்டியில் உப்பு 350 கிராம். அரை லிட்டர் நீர் ஆவியாயிற்று என்க. ஆவியாவது நீரே; உப்பு அன்று. எஞ்சிய ஒன்பதரை லிட்டரில் அதே 350 கிராம் நிற்பதால், லிட்டருக்கு 37 கிராமுக்குச் சற்றுக் குறைவாகும். இதனைப் பிராணி பொறுத்துக்கொள்ளும். இரண்டு லிட்டர் சாடியிலிருந்து அதே அரை லிட்டர் போயிற்றாயின், 70 கிராம் உப்பு ஒன்றரை லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 47 கிராம்! எந்தக் கடலினின்றும் வந்த உயிரும் இதனை எளிதில் தாங்காது. ஆகவே சாடியின் புறத்தே நீர்மட்டத்தில் ஒரு கோடிட்டு, நாள்தோறும் குறைந்த அளவை நன்னீரால் நிரப்பவேண்டும். கடல் நீரால் நிரப்பினால் உப்பு மேன்மேலும் ஏறும். மழைநீரேனும் வாலை வடித்த நீரேனும் சிறந்தது. நம்மூர்க் கிணற்று நீர் பலவிடத்துத் தானே உவர்ப்புடையது. குழாய் நீரிலுள்ள குளோரின் இவ்வுயிர்க்கு ஆகாது. நீரடர்த்திமானி ஒன்று வாங்கிக்கொண்டால் 1.025 என்னும் அளவை ஒட்டி நிறுத்திவைக்கலாம். சாடியின் வாயில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சிறிது இடைவெளி விட்டு மூடுவதால் ஆவியாவதும் குறையும், தூசியும் விழாது.

மற்றொரு செய்தியும் நம் நாட்டார் கருதத்தக்கது. எடின்பரோ குளிர்ந்த ஊர். 15 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் கடல் நீர் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுவை ஏந்தும். 30 டிகிரியில் 6 மில்லிகிராமுக்குச் சற்றே மிகுதியாய்த்தான் ஏந்தும். சூடு மிக மிக உயிரின் மூச்சுத் தேவையோ பெருகுகிறது. எனவே குளிர்நாட்டுச் சாமந்தியை விலைக்கு வாங்கி நம் அறைகளில் வைப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பு. நம் கரைப்பாறைகளில் வெயிலேறிய குழிகளிலேயே வாழ்ந்து பழகிய சிறு வகைகள் இதற்கேற்றவை. அவற்றின் சாடியையும் நேர் வெயிலில் வைத்தலாகாது. கடற்குழியை அலை வந்து குளிர்விக்கும், சாடியை யார் குளிர்விப்பார்? நீரைக் காற்றோடு கலப்பதற்குச் சிறு காற்றுப்பொறி உதவும். 1846-ல் கற்பவளங்களை லண்டன் மாநகருக்குக் கொணர்ந்த அன்னா தின் என்னும் மாது, அவற்றின் நீரைத் திறந்த சாளரத்தருகே கலத்துக்குக் கலம் மாற்றி ஊற்றும்படி பணிப்பெண்ணை ஏவினார். நம் வீடுகளிற் காப்பி ஆற்றுவது போன்ற அச்செயலால் அப்பவளங்கள் பிழைத்தன.

சாடிக்கு எத்தனை பிராணி? ஒன்று போதும் என்பதே எம் துணிபு. மலர்போல் அசைவற்றிருப்பதால் இவை சாந்தகுணமுடையன என்று கருதுதல் தவறு. இதழ்போன்ற உணர்கரங்கள் முழுதும் நுண்ணிய கொட்டும் உறைகள் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றினுள்ளும் சுருட்டி வைத்த நச்சிழை யொன்று தீண்டிய மாத்திரத்திற் பாய்ந்து இரையைத் தைக்கும். பாட்டியின் இனத்துச் சாமந்திகளுக்குக் கரங்களின் கீழே நீலமணிகள் கோத்தாற்போல ஒரு வளையமுண்டு. அழகுக்காக அமைந்தன என்று பார்ப்பவர் எண்ணுவர், அவை போர்க்கருவிகள். அயற்குடிச் சாமந்தி அருகே வந்து தொட்டால், அம்மணிகள் பருத்து நீண்டு அதன் உடலைச் சுட்டுப் புண்ணாக்கும். தோற்றது பெயர்ந்து விலகிச் செல்லும். கடற்பாறையில் விலகுவதற்கு இடமுண்டு; சாடியில் இல்லை. தன் உடலினின்றே பிரிந்த பிள்ளைகளையோ அது பகைப்பதில்லை. மூளையில்லாத ஓருயிர் தன்னவரையும் பிறரையும் இவ்வாறு பிரித்தறிதல் பெருவியப்பு.

ஐப்டேசியா என்னும் கண்ணாடிபோல் ஒளிரும் சிறு சாமந்தியைப்பற்றியும் ஒரு வார்த்தை. அழகாய் மீன்வளர்ப்போர் இதனைக் களையென்று வெறுப்பர். ஏனெனில், நகரும்போது அடியிலிருந்து பிய்ந்து நிற்கும் சிறு துணுக்கும் முழுப் பிராணியாய் வளர்ந்து தொட்டியை நிரப்பிவிடும். ஆராய்ச்சிச் சாலையினரோ இதனைப் போற்றுகின்றனர். இதன் உடலுள் ஒருசெல் பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்திற் சமைத்த உணவில் ஒரு பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகைபோல் அளிக்கின்றன. பவளங்களுக்கும் இத்தகைய பாசிகளே துணை. கடல் சூடேறும்போது அவை நீங்குவதாலேயே பவளம் வெளிறுகிறது. அவ்வெளிறலின் காரணங்களைப் பவளத்தைத் துன்புறுத்தாமல் ஆராய்வதற்கு இக்களை உதவுகிறது. தொடக்கத்தில் கைபழகுவதற்கும் இதனையே யாம் பரிந்துரைப்போம். பாசியுடைய வகைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பாசியில்லாத வகைக்கு இரையே போதும்.

இரை கொடுப்பதில் கருணை மிகுதல் கேடு. இறாலின் சதையிலேனும் சிப்பியின் சதையிலேனும், அதன் வாயினும் சிறிய துணுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒரு முறை போதும். குச்சியின் நுனியால் உணர்கரத்தில் வைத்தால், கரங்கள் வளைந்து வாய்க்குள் செலுத்தும் காட்சி காணத்தக்கது. ஒன்றிரண்டு நாளில் செரியாத எச்சத்தை வழுவழுப்பான உருண்டையாய் உமிழும். அதனை உறிஞ்சுகுழலால் உடனே எடுத்துவிடவேண்டும். விட்டால் நீர் கெடும். நீரில் ஐந்தில் ஒரு பங்கை வாரந்தோறும் மாற்றுக. செம்பு, பித்தளைப் பாத்திரங்களை இந்நீரின் அருகே கொண்டு வரலாகாது. செம்பு சிறிது கரைந்தாலும் முதுகெலும்பற்ற இவ்வுயிர்களுக்கு நஞ்சாகும்.

பிராணியை எங்கிருந்து பெறுவது என்பதே யாம் மிகத் தயங்கி எழுதும் பகுதி. 1853-ல் லண்டன் விலங்குத் தோட்டத்திற் பொதுமக்கள் காணும் மீன்சாலை திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்ரி காஸ், மறு ஆண்டில் நூலொன்று எழுதிக் கடற்சாமந்தி வளர்க்கும் ஆசையை நாடெங்கும் மூட்டினார். கடலுக்குத் தொலைவிலுள்ளாரும் வளர்க்கும்படி, சாதாரண உப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யவுங் கற்பித்தார். விளைவு என்ன? கூடையும் உளியும் ஏந்திய கூட்டத்தார் டெவன் கரைப் பாறைகளிற் புகுந்து, கண்டதையெல்லாம் பெயர்த்துச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலான சில நாளிலேயே சாடிகளில் அழுகின. தந்தை புகழ்ந்த பாறைக் குழிகள் பாழ்பட்டு வெறுமையாய்க் கிடந்ததை, அவர் மைந்தர் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியிட்ட நூலில் வருந்தி எழுதினார். உயிர்களை நேசித்தவர் எழுதிய நூலே அவ்வுயிர்களுக்குக் கேடாய் முடிந்தது.

நம் பக்கத்திலும் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாய் வகுக்கப்பட்டன. அங்கு அனுமதியின்றி எதனையும் எடுத்தல் குற்றமாகும். ஏனைய கரைகளிலும் உளி கொண்டு பெயர்த்தல் வேண்டா. அடித்தட்டுக் கிழிந்த சாமந்தி பெரும்பாலும் பிழைப்பதில்லை. கையடக்கமான கல்லின்மேல் தானே ஒட்டியிருப்பதைக் கல்லோடு எடுப்பதே முறை. அதனினும் நன்று, ஆய்வுச்சாலையிலோ நண்பரிடத்திலோ சாடியிற் பிறந்த குட்டியைப் பெறுவது. விலைக்கு வாங்கிய அயற்கடல் உயிரை எக்காரணத்தாலும் நம் கடலில் விடலாகாது.

கல்லூரியில் வைக்கப்படும் சாடிக்கு வேறொரு சோதனையுண்டு. நம் மாணாக்கர் இங்குத் தங்குவது மூன்றாண்டோ ஐந்தாண்டோதான். சாமந்தியோ ஐம்பதாண்டு வாழக்கூடியது. அன்றியும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் கொளுத்தும் அம்மாதங்களிலேயே விடுதி வெறிச்சோடி ஆய்வுக்கூடம் பூட்டப்படுகிறது. நீர் விரைந்து வற்றும் காலமும் அதுவே. பார்ப்பாரற்ற காலமும் அதுவே. ஆகையால் சாடியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுக. பிராணி எடுக்கப்பட்ட கரையும் நாளும், கடைசியாய் நீர் மாற்றிய நாள், இரை கொடுத்த நாள், விடுமுறையில் நன்னீர் ஊற்றும் பொறுப்பேற்றவர் பெயர் ஆகியவை அதிலிருக்கட்டும். தேர்வு முடித்துச் செல்பவர், சாடியையும் சீட்டையும் இளைய வகுப்பினர் ஒருவரிடம் ஒப்புவித்து, முதல்முறை நீர் மாற்றுவதைத் தம் கண்முன் அவரைக் கொண்டே செய்வித்துப் பார்த்தபின் ஊருக்குப் புறப்படுக.