கரி செய்யும் இரண்டு வேலைகள்

சோளிங்கர் என்றதும் நரசிம்மர் மலையின் படிகள்தாம் உங்கள் நினைவுக்கு வரும். அவ்வூரில் வாகன உறுப்புகளை வார்க்கும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலையும் உண்டு. இத்தகைய ஆலைகளில் பழைய இரும்பை மின்தூண்டல் உலையிலிட்டு உருக்குவது வழக்கம். கரி எரிக்காமலே இரும்பு குழம்பாகிவிடுகிறது. அப்படியானால் எஃகு முழுவதையும் மின்சாரத்தாலேயே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள்.

பழைய இரும்பு தேவைக்குப் போதாது. தாதை நாடியே தீரவேண்டும். தாதில் இரும்பு ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது. அதை வெறுமனே உருக்கினால் உருகிய ஆக்சைடுதான் மிஞ்சும். ஆகவே, ஊது உலையில் கல்கரிக்கு இரண்டு வேலைகள்: வெப்பம் தருதல், ஆக்சிஜனைப் பறித்தல். 1830களில் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் சேலத்துத் தாதை உருக்கியபோது மரக்கரி செய்ததும் இதே வேலைகளைத்தான். பறித்த ஆக்சிஜன் கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. ஒரு டன் எஃகுக்கு இவ்வாயு 2 டன்னுக்கு மேல் உண்டாகிறது. காற்று மண்டலம் சூடேற இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தை மின்சாரம் தரும். ஆக்சிஜனைப் பறிப்பது யார்? ஹைட்ரஜன்! அது ஆக்சிஜனைக் கவர்ந்து நீராவியாகிவிடும். சுவீடனில் லூலியோ நகரச் சோதனை ஆலையில் 2021இல் இம்முறையில் கடற்பஞ்சு இரும்பு எடுத்துக் காட்டினார்கள்.

இனி ஒரு கணக்கு. தாளும் பென்சிலும் எடுங்கள். ஹேமடைட் தாதில் 2 இரும்பு அணுக்களுக்கு 3 ஆக்சிஜன் அணுக்கள். அவற்றை நீக்க 3 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். இரும்பின் அணு எடை 56. எனவே 112 கிலோ இரும்புக்கு 6 கிலோ ஹைட்ரஜன். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 54 கிலோ. தண்ணீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறச் சுமார் 50 யூனிட் மின்சாரம் செலவாகும். மொத்தம் 2,700 யூனிட்!

அந்த மின்சாரம் அனல் மின்நிலையத்திலிருந்து வந்தால்? யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு என வைத்துக்கொண்டால் 2.7 டன் ஆகிறது. பழைய ஊது உலையே மேல்! காற்றாலையும் சூரிய மின்சாரமும் இருந்தால்தான் இம்முறை பயன்தரும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கும் எஃகுக்கும் உள்ள உறவு இதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஹைட்ரஜன் வினை வெப்பத்தை உறிஞ்சுவது. ஆதலால் வாயுவை முன்பே சூடாக்கி அனுப்ப வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இரும்பு எஃகாவதற்குச் சிறிதளவு கரி அவசியம். இத்தனை பாடுபட்டு கரியை விலக்கிய பிறகு, கடைசியில் ஒரு சிட்டிகை சேர்த்துத்தான் ஆகவேண்டும்.