பால் கலவையா?

ஆறாம் வகுப்பில் மிக்சரைக் காட்டினால் கலவை என்று உடனே சொல்லிவிடுவார்கள். பாலைக் காட்டுங்கள், "சுத்தமான பால், கலவை இல்லை சார்" என்பார்கள். கலப்படம் இல்லாததே அவர்களுக்குத் தூய்மை. அறிவியலிலோ தூய பொருள் ஒரே வகைத் துகள்களால் ஆனது. வரையறையை மனப்பாடம் செய்தால் இந்தக் குழப்பம் தீராது.

சமன்படுத்திய பாலின் காலி உறையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். கொழுப்பு 3%, இதர திடப்பொருள்கள் 8.5% என்று இருக்கும். "மீதி 88.5?" என்று கேளுங்கள். "தண்ணீர்" என்றதும், "பால்காரர் ஊற்றியதா?" என்று ஒரு குறும்புக் குரல் நிச்சயம் வரும். அதை அடக்க வேண்டாம். கறந்த பாலிலும் பெரும்பகுதி நீர்தான் என்று சொல்ல அதுவே தருணம்.

பிறகு சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டு (இதை ஆசிரியரே செய்வது நல்லது), திரிந்ததைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்கியது எது, கீழே இறங்கியது எது என்று அவர்களே எழுதட்டும்.