வாவிக்கரை வீட்டில் அன்டெனா கோபுரம்

2004 சுனாமியில் தொலைபேசிகள் செத்தபோது, அம்பாந்தோட்டைச் செய்திகளைக் கொழும்புக்குக் கடத்தியவர்கள் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். அந்த வானொலிக்காக மட்டக்களப்பில் வீட்டோடு அன்டெனா கோபுரம் பொருத்துபவர் முதலில் நினைக்க வேண்டியது, அவ்வூரைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியை.

காற்றின் வேகம் இரட்டித்தால் கோபுரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாரம் முழுவதையும் நிலத்துக் கொங்கிறீற் அடித்தளம் சுமக்கட்டும். சுவரில் பூட்டும் பிடி பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க மட்டுமே. அந்தப் பிடியையும் வெறும் சீமெந்துக் கல்லில் முடுக்கினால், பெருங்காற்றில் கல்லோடு பெயர்ந்து வரும். கொங்கிறீற் பீமில்தான் பூட்ட வேண்டும்.

உப்புக்காற்று சாதாரண இரும்பைத் தின்றுவிடும். நாகமுலாம் பூசிய போல்ட் நல்லது.

கோபுரம் சரிந்தாலும் மின்கம்பியில் படாத தூரம், ஐப்பசி இடிமின்னலுக்கு முன்பே எர்த் கம்பி இரண்டும் வேண்டும். வானொலியில் சமிக்ஞை அனுப்பத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் அவசியம்.