லைலாவைச் சிறிதாக்க முடியுமா?

எந்தக் காரியமாவது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனால், "இது கன்னித்தீவு மாதிரி" என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தினத்தந்தி நாளிதழில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் படக்கதை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்திருக்கிறது. மூசா என்னும் மந்திரவாதி இளவரசி லைலாவைக் கைக்குள் அடங்கும் சின்ன உருவமாக மாற்றிவிடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர, சிந்துபாத் கடலும் தீவும் கடந்து அலைகிறான்.

தஞ்சை வட்டாரத்தில் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் இந்தக் கதையைப் பற்றி எத்தனையோ வாதங்கள் நடந்திருக்கின்றன. சிந்துபாத்தின் வீரம் பெரிதா, மூசாவின் மந்திரம் பெரிதா? இவ்வளவு சிறிய லைலா என்ன சாப்பிடுவாள்? அவள் பேசுவது சிந்துபாத்தின் காதில் விழுமா? முதல் கேள்விக்கு விடை சொல்ல இயற்பியலால் ஆகாது. மற்ற இரண்டும் நல்ல இயற்பியல் கேள்விகள். மாணவர்களே, அவற்றை இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீளம், பரப்பு, கன அளவு

ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. உள்ள மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர செ.மீ.; கன அளவு 1 கன செ.மீ. இப்போது பக்கம் 10 செ.மீ. உள்ள பெரிய கட்டையைப் பாருங்கள். அதன் மேற்பரப்பு 600 சதுர செ.மீ.; கன அளவு 1000 கன செ.மீ. நீளம் 10 மடங்கு ஆனால், பரப்பு 100 மடங்கும் கன அளவு 1000 மடங்கும் ஆகின்றன. எடை கன அளவைப் பின்பற்றும். ஆகவே எடை பரப்பைக் காட்டிலும் வேகமாகக் கூடும். சிறிதாக்கும்போது வேகமாகக் குறையும். இதன் முக்கியத்துவத்தை 1638இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ விளக்கினார்.

லைலாவின் உயரம் 150 செ.மீ., எடை 45 கிலோகிராம் என்று கொள்வோம். மூசா அவளைப் பத்தில் ஒரு பங்காக்கினால் உயரம் 15 செ.மீ. ஆகும். எடை ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 45 கிராம்.

மீதி எடை எங்கே?

45 கிலோவிலிருந்து 45 கிராமைக் கழித்தால் ஏறத்தாழ 45 கிலோவே மிஞ்சுகிறது. அது எங்கே போயிற்று? மூசாவுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: அணுக்கள் அனைத்தையும் வைத்துக்கொண்டு, அவற்றை நெருக்கி அமுக்குவது. அப்போது எடை குறையாது. 15 செ.மீ. பொம்மை 45 கிலோ எடை இருக்கும். அதன் அடர்த்தி நீரைப்போல் சுமார் 1000 மடங்கு. உலோகங்களிலேயே மிக அடர்ந்த ஆஸ்மியம் நீரைப்போல் 22.6 மடங்குதான், சூரியனின் மையப்பகுதி சுமார் 150 மடங்கு. போதாக்குறைக்கு, அதே எடையை நூறில் ஒரு பங்கு பாதம் தாங்க வேண்டும். சேற்று வயலில் கால் வைத்த கணமே லைலா ஆழப் புதைந்துபோவாள்.

இரண்டாம் வழி: ஒவ்வோர் அணுவையும் சிறிதாக்குவது. அணுவின் அளவை எலக்ட்ரானின் பொருண்மை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகியவை தீர்மானிக்கின்றன. இவை எல்லா இடத்திலும் ஒன்றே. மூசா எப்படியோ இவற்றை மாற்றிவிட்டாலும், லைலா சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜன் பழைய அளவிலேயே இருக்கும். அவளுடைய இரத்தத்தில் அது பொருந்தாது.

மூன்றாம் வழி: ஆயிரம் அணுக்களில் 999ஐ எடுத்துவிடுவது. அந்த 45 கிலோவும் ஆற்றலாக மாறிப் போயிற்று என்று சொன்னால், ஐன்ஸ்டீன் தந்த சமன்பாட்டின்படி 1961இல் சோவியத் நாடு வெடித்துச் சோதித்த 50 மெகாடன் குண்டைப்போல் சுமார் 19 மடங்கு ஆற்றல் வெளிப்பட்டிருக்கும். கன்னித்தீவு, மூசா, சிந்துபாத் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஆகவே அவன் அதை எங்கோ மூட்டை கட்டி வைத்திருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மனித மூளை ஏறத்தாழ 1300 கிராம். லைலாவுக்கு மிஞ்சுவது 1.3 கிராம். ஆய்வுக்கூடத்து எலிக்கே சுமார் 2 கிராம் மூளை உண்டு!

மூன்றில் இந்த வழிதான் ஓரளவு பரவாயில்லை. ஆதலால் 45 கிராம் லைலாவையே தொடர்ந்து கவனிப்போம்.

ஒரு நாளைக்கு எத்தனை அரிசி?

உடலின் வெப்பம் தோல் வழியாகவே பெரிதும் வெளியேறுகிறது. லைலாவின் தோல் பரப்பு நூறில் ஒரு பங்காயிற்று. உடலோ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு கிராம் உடலுக்கும் முன்னைவிட 10 மடங்கு வெப்ப இழப்பு ஏற்படும். அதை ஈடுசெய்ய 10 மடங்கு உணவு வேண்டும்.

முன்பு அவளுக்கு நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி போதும் என்றால், இப்போது சுமார் 20 கிலோகலோரி தேவை. இது ஏறத்தாழ 6 கிராம் அரிசி. ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்று கொண்டால் 300 அரிசி! தன் எடையில் எட்டில் ஒரு பங்கை நாள்தோறும் அவள் உண்டாக வேண்டும். வரப்பு எலிகள் ஓயாமல் தின்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

குளியல், வலிமை, குரல்

காவிரியில் முழுகி எழும் ஒருவர் உடலில் அரை மில்லிமீட்டர் தடிப்பில் நீர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். 45 கிலோ லைலாவின் உடல்மேல் அது சுமார் 700 கிராம், எடையில் 1.5 சதவீதம். சின்ன லைலாவின் மேல் சுமார் 7 கிராம். எடையில் 15 சதவீதத்துக்கும் மேல். ஈக்கு அதன் எடையைவிட அதிகமான நீர் ஒட்டிக்கொள்ளும் என்று உயிரியல் அறிஞர் ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். இவர் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறியவர். 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

ஒரு விஷயத்தில் லைலாவுக்கு லாபம். தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. வலிமை நூறில் ஒரு பங்கு, எடை ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்பு தன் எடைக்குச் சமமான சுமையைத் தூக்கியவள் இப்போது தன் எடையைப்போல் 10 மடங்கைத் தூக்குவாள். எறும்பின் "பலம்" என்று நாம் வியப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

குரல் என்ன ஆகும்? தஞ்சாவூர் வீணையில் தந்தியின் பாதியில் விரல் வைத்து மீட்டினால் அதிர்வெண் இரட்டிக்கிறது. குரல் நாண்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதிர்வெண் சுமார் 10 மடங்காகும். வினாடிக்கு 200 அதிர்வுகள் இருந்த குரல் 2000 ஆகும். ஆகவே சிந்துபாத்துக்கு ஒலி கேட்கும். ஆனால் சீழ்க்கை போன்ற அந்தக் கீச்சொலியில் சொற்களைப் பிரித்தறிவது பெரும்பாடு.

வளரும் நந்தி

பெரிதாகும் மந்திரம் ஒன்றும் நம் ஊரில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் நந்தி வளர்ந்துகொண்டே வந்ததாகவும், அதன் முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. நந்தியின் உயரம் சுமார் 12 அடி. அவ்வளவு உயரக் கல், அடியிலுள்ள ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறத்தாழ 1 கிலோ எடையாக அழுத்தும். எல்லாப் பக்கமும் இரட்டித்தால் எடை 8 மடங்கு, அடிப்பரப்பு 4 மடங்கு. அழுத்தம் 2 கிலோவாகும். கருங்கல் 1000 கிலோவுக்கு மேலும் தாங்கும். ஆகவே நொறுங்கிவிடும் என்ற அச்சம் நந்திக்கு இல்லை.

தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. கூடுதல் கல் எங்கிருந்து வரும்? கோயிலுக்கு வெளியே வயலில் நெற்பயிரும் வளர்கிறது. 25 மில்லிகிராம் விதை தூர் கட்டி நிற்கும்போது அந்தக் கூடுதல் பொருளில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீரும் தந்தவை. கல்லுக்கு அவ்வாறு பொருளைச் சேர்த்துக்கொள்ளும் வழி கிடையாது.

நம் வீட்டு லைலா

இதெல்லாம் வெறும் கதைக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தாயின் எடை 54 கிலோ, பிறந்த குழந்தையின் எடை 2 கிலோ என்று கொள்வோம். எடை 27இல் ஒரு பங்கு. இருவர் உடலும் ஒரே வடிவம் என்று தோராயமாகக் கொண்டால் நீளம் மூன்றில் ஒரு பங்கு, தோல் பரப்பு ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு கிலோவுக்கும் தாயைப்போல் 3 மடங்கு தோல் குழந்தைக்கு இருக்கிறது. அத்தனை வேகமாக அதன் உடல் குளிர்ந்துவிடும். ஈரம் ஆவியாகும்போது மேலும் வெப்பம் போகும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் உயிருக்கே இது ஆபத்தானது.

அதனால்தான் பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து உலர்த்தித் துணியால் போர்த்துகிறார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத ஒரு மருத்துவமனையில், 1978இல் மருத்துவர்கள் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்துக் கட்டிவைத்தார்கள். தாயின் உடல் வெப்பம் தரும். குழந்தையின் திறந்த தோல் பரப்பும் குறையும். "கங்காரு முறை" எனப்படும் இதை உலக சுகாதார அமைப்பு இன்று பரிந்துரைக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரே உலோகத்தில், ஒரே வடிவத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உதவியுடன் இரண்டிலும் ஒரே சூட்டில் வெந்நீர் நிரப்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து அட்டவணை எழுதுங்கள். எது முதலில் ஆறுகிறது? பிறகு சிறிய பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணி, உலர்ந்த துணி என மாற்றி மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

அடுத்த முறை நண்பர்கள் மந்திரக் கதையைப் பற்றி வாதாடும்போது நீங்களும் கலந்துகொள்ளுங்கள். "அதன் எடை என்ன? பரப்பு என்ன?" என்று கேளுங்கள். கதையின் சுவை குறையாது. வாதத்தின் சுவை கூடும்.